உண்ணி சொட்டு மருந்து போட்ட இடம் சிவந்துவிட்டதா? முதலில் கழுவுங்கள்

நாயின் பிடரியில் உண்ணி மருந்தைச் சொட்டிவிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அது தரையில் முதுகைத் தேய்க்கிறது, திரும்பித் திரும்பித் தன் தோளையே பார்க்கிறது, முடியை விலக்கினால் உள்ளே தோல் சிவந்து கிடக்கிறது. இந்த நிலையில்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால் அடுத்த மூன்று பகுதிகளை மட்டும் படித்துவிட்டு நாயிடம் போங்கள். மற்றதை அது தூங்கிய பிறகு படித்துக்கொள்ளலாம்.

முதலில் தோலை விடுங்கள், நாயைப் பாருங்கள்

சிவந்த இடம்தான் கண்ணை உறுத்தும், ஆனால் உயிருக்கு ஆபத்து வந்தால் அது வேறு இடங்களில் தெரியும். மூஞ்சியைப் பாருங்கள். உதடு, கண் இமை, காது மடல் வீங்குகிறதா? உடம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள், கைக்கு அடியில் தடிப்புத் தடிப்பாகத் தட்டுப்படுகிறதா, முடி அங்கங்கே கொத்தாக நிமிர்ந்து நிற்கிறதா? உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ, மூச்சு இழுத்தாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ, கால் தள்ளாடினாலோ, தசை துடித்தாலோ, நடுக்கமோ வலிப்போ வந்தாலோ இது தோல் பிரச்சினையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டுக்கொண்டே கிளம்புங்கள். மருந்துப் பெட்டியையும் காலி ட்யூபையும் மறக்காமல் கையில் எடுங்கள், ஏனென்றால் அங்கே கேட்கப்போகிற முதல் கேள்வியே 'என்ன மருந்து, எத்தனை மணிக்குப் போட்டீர்கள்' என்பதாகத்தான் இருக்கும்.

வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிவதும் இதே கணக்குதான், குறிப்பாக மருந்தில் அமிட்ராஸ் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால். அது நாயை மந்தமாக்கும், இதயத் துடிப்பையும் குறைக்கும். 'மருந்து போட்ட அசதி' என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

வாயில் நுரை தள்ளுவதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். மருந்து போட்ட இடத்தை நக்கியிருந்தால் அதன் கசப்புக்கே எச்சில் குடம் குடமாக ஊறும். வாயை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் வையுங்கள், பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். வாந்தி எடுக்கவைக்க எதையும் முயலவேண்டாம். எச்சிலோடு சேர்ந்து மேலே சொன்ன அறிகுறி ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள்.

குட்டி, கிழ நாய், சினை நாய், ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ள நாய் என்றால் எல்லாவற்றுக்கும் ஒரு படி முன்னதாகவே டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

கழுவுவது எப்படி

மேலே சொன்ன எதுவும் இல்லை, சிவப்பும் அரிப்பும் மட்டும்தான் என்றால் அடுத்த வேலை கழுவுவது. எங்கள் கருப்பிக்கு முதன்முதலில் இப்படி ஆனபோது நான் ஈரத்துணியை எடுத்துத் துடைத்தேன், அதுதான் நான் செய்த தப்பு. துணியில் ஒன்றும் ஒட்டவில்லை, முடி அதே பிசுபிசுப்போடுதான் இருந்தது, ஆனால் ஒரு நாணயம் அளவுக்கு இருந்த மருந்தை நானே உள்ளங்கை அகலத்துக்குப் பரப்பிவிட்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிவப்பும் சரியாக உள்ளங்கை அகலம்.

காரணம் எளிது. இந்தச் சொட்டு மருந்துகள் தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்து பரவுவதற்காகவே செய்யப்பட்டவை. பூச்சியைக் கொல்லும் வேதிப்பொருள் ஒரு கரைப்பானில் கரைந்திருக்கும், அந்தக் கரைப்பான்தான் மருந்தைத் தோல் முழுக்க இழுத்துக்கொண்டு போகிறது. வெறும் தண்ணீர் அதன்மேல் உருண்டு ஓடிவிடும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற ஏதாவது வேண்டும், அதற்குப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போதும். வேறு எதுவும் கலக்காத சாதாரண நாய் ஷாம்பு இருந்தாலும் சரி. உண்ணி ஷாம்பு மட்டும் கூடவே கூடாது, ஒரு பூச்சிமருந்தைக் கழுவ இன்னொரு பூச்சிமருந்தை ஊற்றுவதாகிவிடும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். மருந்து உங்கள் தோலுக்கும் நல்லதில்லை. நான் முதலிலேயே தண்ணீர் ஊற்றுவதில்லை. காய்ந்த முடியிலேயே சோப்பைக் கொஞ்சம் விட்டு, மருந்து பட்ட இடத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி விரல் நுனியால் மெதுவாகக் கலக்குவேன். நகம் படக்கூடாது, பிரஷ் வேண்டவே வேண்டாம், தோல் ஏற்கெனவே எரிச்சலில் இருக்கிறது. பிறகு வெதுவெதுப்பான தண்ணீர். சூடாக இருந்தால் தோல் இன்னும் சிவக்கும், மருந்து உள்ளே இறங்குவதும் கூடும். சில்லென்று இருந்தால் உடம்பு குளிர்ந்து நடுக்கம் எடுக்கும், அந்த நடுக்கம் குளிரால் வந்ததா மருந்தால் வந்ததா என்று தெரியாமல் நீங்கள்தான் முழிப்பீர்கள். நாயின் தலையைத் தூக்கிப் பிடித்து, நுரை கண் பக்கம் வராமல் முதுகு வழியாகவும் விலா வழியாகவும் கீழே இறங்குமாறு ஊற்றுங்கள்.

இதையே இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். விரலுக்கிடையில் முடியைப் பிடித்து இழுத்தால் வழுக்காமல் கிறீச்சென்று இருக்க வேண்டும், அதுதான் அளவு. கடைசி அலசல் மட்டும் நீங்கள் போதும் என்று நினைப்பதைப்போல இரண்டு மடங்கு நேரம் நடக்கட்டும், சோப்பு மிச்சம் இருந்தால் அதுவே அரிப்பைக் கொடுக்கும். துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஹேர் டிரையர் சூடு வேண்டாம். துண்டைத் தனியாகத் துவைக்கப் போடுங்கள். வீட்டில் பூனை இருந்தால் அந்தத் துண்டின்மேல் அது போய்ப் படுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காரணம் பின்னால் வரும்.

'கழுவினால் மருந்து வீணாகிவிடாதா?' என்று தோன்றும். ஆகலாம். ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட், பெர்மெத்ரின் போன்றவை தோலின் மேற்பரப்பிலேயே வேலை செய்கிறவை, போட்ட உடனே சோப்புப் போட்டுக் கழுவினால் அந்த மாதத்துக்கான பாதுகாப்பில் பெரும்பகுதி போய்விடும். செலாமெக்டின், மாக்ஸிடெக்டின், ஃப்ளூரலேனர் போன்றவை தோல் வழியாக ரத்தத்துக்குள் போய்விடும், சில மணி நேரம் தாண்டிவிட்டால் உள்ளே போனதைக் கழுவி எடுக்க முடியாது, மேலே மிஞ்சியிருக்கிற கரைப்பானைத்தான் எடுக்க முடியும். இரண்டிலுமே கழுவுவதால் தோலுக்கு லாபம்தான். மருந்து போன கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் 'அதுதான் கழுவிவிட்டோமே' என்று அன்றைக்கே இன்னொரு ட்யூபை உடைத்து ஊற்றிவிடாதீர்கள்.

மருந்து போட்டு இரண்டு மூன்று நாளாகிவிட்டது, இப்போதுதான் சிவப்பைப் பார்க்கிறீர்கள் என்றால் அவசரம் இல்லை. தோல் உடையாமல் இருந்தால் மென்மையாக ஒருமுறை கழுவலாம். தோல் உரிந்தோ நீர் வடிந்தோ இருந்தால் சோப்பு வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

மேலே எதையும் பூசாதீர்கள்

கழுவி முடித்ததும் கை பரபரக்கும். வீட்டில் ஏதோ ஒரு க்ரீம் இருக்கும், ஏதோ ஓர் எண்ணெய் இருக்கும், யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பார். எதையும் பூசவேண்டாம். எண்ணெய் பூசினால் மிச்சமிருக்கிற மருந்து அதோடு கலந்து இன்னும் பரவும். டீ ட்ரீ ஆயில் நாய்க்கு நஞ்சு. ஸ்பிரிட் எரியும். மனிதர்களுக்கான க்ரீம்களில் உள்ள சிக்கல், நாய் அதை நக்கிவிடும் என்பது. துத்தநாக ஆக்ஸைடு உள்ள க்ரீமை நக்கினால் வயிற்றைக் கெடுப்பதோடு ரத்த அணுக்களையும் பாதிக்கலாம், வலிக்குப் பூசும் டைக்ளோஃபெனாக் ஜெல் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், சொரியாசிஸுக்குத் தருகிற கால்சிபோட்ரியால் கொஞ்சம் உள்ளே போனாலும் நாயையே கொல்லக்கூடிய விஷயம்.

மாத்திரையிலும் இதே எச்சரிக்கைதான். அரிப்புக்கான ஒவ்வாமை மாத்திரைகளில் சிலவற்றை டாக்டர்கள் நாய்க்கும் தருவார்கள், ஆனால் கடையில் கிடைக்கும் சளி மாத்திரைகளில் அதே மருந்தோடு சூடோஎஃபெட்ரினோ பாராசிட்டமாலோ கலந்திருக்கும், இரண்டுமே நாய்க்கு ஆபத்து. அளவு, எடை, நாயின் மற்ற நோய்கள் எல்லாம் பார்த்து டாக்டர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

அரிப்பு அதிகமாக இருந்தால் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிவந்த இடத்தின்மேல் ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள், நாளுக்கு மூன்று நான்கு முறை செய்யலாம். அப்புறம் அந்தக் கூம்புக் காலர். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும், ஆனால் மருந்து கெடுத்ததைவிட நாயின் பின்னங்கால் நகம் கெடுப்பது அதிகம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிடரியை வாயால் எட்ட முடியாதுதான், காலால் எட்டும். காலர் அகலமாக இருந்தால் நகம் அதில்தான் போய் மோதும். கழுத்துப்பட்டையைக் கழற்றி வையுங்கள், சேணப்பட்டை அந்த இடத்தில் உரசும் என்றால் அதையும்தான்.

இடமும் நேரமும்

சரி, நாய் தூங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது என்ன நடந்தது என்று யோசிக்கலாம். இதில் எனக்குக் கைகொடுத்தவை இரண்டே கேள்விகள். உடம்பில் எந்த இடத்தில்? போட்ட எத்தனை மணி நேரம் கழித்து?

சொட்டிய இடத்திலேயே, சில நிமிடம் முதல் ஒரு நாளுக்குள் சிவந்தால் அது பெரும்பாலும் எரிச்சல், அதாவது கரைப்பானோ மருந்தோ தோலை நேரடியாகச் சுட்டிருக்கிறது. இது எந்த நாய்க்கும், முதல் தடவையே வரலாம். குளிப்பாட்டிய கையோடு போட்டிருந்தால், அங்கே ஏற்கெனவே சொறிந்த கீறல் இருந்திருந்தால், பெரிய நாயின் ட்யூப் முழுவதையும் ஒரே புள்ளியில் கவிழ்த்திருந்தால் இன்னும் எளிதாக வரும். சீக்கிரம் கழுவினால் சீக்கிரம் அடங்கும்.

ஒரு நாளிலிருந்து மூன்று நாள் கழித்து, தடித்து, பொரிப்பொரியாகி, மருந்து ஓடிய பாதை முழுக்கச் சிவந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவோம், 'ஆறு மாதமாக இதே மருந்துதானே போடுகிறோம், இதுவரை ஒன்றும் ஆகவில்லையே' என்று. ஒவ்வாமைக்கு உடம்பு முதலில் அந்தப் பொருளைப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். இதுவரை ஒன்றும் ஆகாதது இனியும் ஆகாது என்பதற்குச் சாட்சி ஆகாது. ஒவ்வாமை என்றால் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக, இன்னும் பலமாக வரும் வாய்ப்பு உண்டு.

தோலில் எதுவுமே தெரியவில்லை, ஆனால் நாய் திடீரென்று குதிக்கிறது, முதுகை யாரோ குத்தியதுபோலத் திரும்பிப் பார்க்கிறது, ஓடுகிறது, உருளுகிறது என்றால் மருந்துப் பெட்டியில் பெர்மெத்ரின் அல்லது அதன் உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். பைரெத்ராய்டு வகை மருந்துகள் தோலில் உள்ள நரம்பு முனைகளைச் சீண்டும், கால் மரத்துப்போய்த் திரும்பும்போது நமக்குக் குறுகுறுவென்று ஊசி குத்துமே, கிட்டத்தட்ட அந்த உணர்வு. இதற்கும் கழுவுவதுதான் மருந்து. கழுவிய பிறகும் அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மேலே தடவ வைட்டமின் ஈ எண்ணெயைச் சொல்கிறவர்கள் உண்டு.

சொட்டியது பிடரியில், சொறிவது இடுப்பில், வால் அடியில், பின்தொடையில் என்றால் மருந்தின்மேல் பழி போடுவதற்கு முன் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். அதன் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு அந்த இடங்களில்தான் வரும், இரண்டு மூன்று கடியே போதும். பல் நெருக்கமான சீப்பால் வால் அடியில் சீவி, உதிர்கிற கறுப்புத் துகள்களை நனைந்த வெள்ளைத் துணியில் தட்டுங்கள். சாதாரண மண் என்றால் மண்ணாகவே இருக்கும். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது செரித்த ரத்தம், தெள்ளுப்பூச்சியின் கழிவு. மருந்து போட்ட முதல் நாள் சாகப்போகிற பூச்சிகள் தாறுமாறாக ஓடுவதாலும் நாய் வழக்கத்தைவிட அதிகமாகச் சொறியும், அதைப் பார்த்துவிட்டு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடவேண்டாம்.

உண்ணியைப் பிடுங்கிய இடத்தில் ஒரு சின்னக் கட்டி நிற்பதும் உண்டு. அது உண்ணிக் கடிக்குத் தோல் காட்டும் எதிர்ப்பு, மெதுவாகச் சில நாள்களிலிருந்து சில வாரங்களில் அமுங்கும்.

போட்ட இடத்தில் முடி ஒட்டி முள் முள்ளாக நிற்பது, எண்ணெய் வடிந்ததுபோல் இருப்பது, வெள்ளைப் பொடி படிவது எல்லாம் ஓரிரு நாளில் போய்விடும், கவலை வேண்டாம். சில நாய்களுக்கு அந்த இடத்தில் மட்டும் முடி மெலியும், நிறம் மாறும். தோல் நன்றாக இருக்கும்வரை அதையும் பொறுத்துக்கொள்ளலாம், திரும்பி வளர்ந்துவிடும்.

அடுத்த மூன்று நாள்

தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் போட்டோ எடுங்கள். நினைவை நம்பினால் முதல் நாள் சிவப்பு எவ்வளவு என்பதை மூன்றாம் நாள் மறந்திருப்போம். நாணயம் இருந்தால் அளவு தெரியும், டாக்டரும் போட்டோவைப் பார்த்து உங்களைவிட அதிகம் சொல்லிவிடுவார்.

நல்ல போக்கு என்றால் இரண்டாம் நாள் சிவப்பு வெளிறும், மூன்றாம் நாள் தவிடுபோலத் தோல் உதிரும், நாய் அதை மறந்துவிடும். கெட்ட போக்கு இப்படி இருக்கும்: நீர் வடியும், முடி பசைபோல் ஒட்டும், தொட்டால் நாய் உறுமும், ஒரு மாதிரி வாடை வரும். சொறிந்து சொறிந்து அந்த இடம் கிருமித்தொற்றுக்கு ஆளாகிவிட்டது என்று அர்த்தம். இது சில மணி நேரத்திலேயே இரு மடங்காக விரியக்கூடியது, காலையில் பார்த்தால் போதும் என்று விடாதீர்கள். கொப்புளம், சீழ்ப்பொட்டு, கெட்டியான பொருக்கு, தீப்புண் மாதிரித் தோல் உரிவது எல்லாமே அன்றைக்கே காட்ட வேண்டியவை.

பொருக்கு சொட்டிய இடத்தோடு நிற்காமல் மூக்கு, காது, பாதம் என்று தூரத்திலும் வந்தால் வாரம் கடந்திருந்தாலும் மருந்து போட்டதை டாக்டரிடம் சொல்லுங்கள். அரிதுதான், ஆனால் உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் தோலையே தாக்குகிற பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ் போன்ற நோயை இந்த மருந்துகளில் சில தூண்டியது பதிவாகியிருக்கிறது. மெட்டாஃப்ளூமிசோனும் அமிட்ராஸும் சேர்ந்த ஒரு சொட்டு மருந்து அப்படிப் பேர் வாங்கி 2011இல் சந்தையைவிட்டே போனது.

டாக்டரிடம் என்ன சொல்வது

மருந்தில் இருக்கும் வேதிப்பொருளின் பெயர், நாயின் அன்றைய எடை, போட்ட தேதியும் மணியும், சிவப்பு தெரிந்த மணி, எத்தனை முறை கழுவினீர்கள், அதற்குப் பிறகு வேறு என்ன கொடுத்தீர்கள். முக்கியமாகக் கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். அரை மாத்திரை கொடுத்ததை மறைத்தால் டாக்டர் அதற்கு மேல் இன்னொன்று கொடுப்பார். பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணையும் போட்டோ எடுத்து வையுங்கள், தயாரிப்பாளருக்குத் தகவல் கொடுக்க அது வேண்டும். தகவல் கொடுங்கள், இப்படி வந்த தகவல்களால்தான் லேபிள்கள் திருந்தியிருக்கின்றன. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009இல் சொட்டு மருந்துகளைப் பற்றி வந்த புகார்களை ஆராயத் தொடங்கி, 2010இல் லேபிளில் எடை வரம்பும் எச்சரிக்கையும் இன்னும் தெளிவாக வேண்டும் என்று சொன்னது. அப்போது தெரிந்தவற்றில் ஒன்று, சில மருந்துகளில் சின்ன நாய்களுக்குத்தான் பாதிப்பு அதிகம் என்பது.

அடுத்த மாதம் எதைப் போடுவது

இரண்டாவது தப்பையும் சொல்லிவிடுகிறேன். கருப்பிக்குத் தோல் ஆறியதும் 'இந்தக் கம்பெனி வேண்டாம்' என்று வேறு கம்பெனி மருந்து வாங்கினேன். பெட்டி வேறு, நிறம் வேறு, படத்தில் இருந்த நாய்கூட வேறு. போட்ட அன்று மாலை அதே இடம், அதே சிவப்பு. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொடி எழுத்தைப் படித்தபோதுதான் இரண்டிலும் ஃபிப்ரோனில் என்று இருந்தது தெரிந்தது. கடைக்குப் போகும்போது மறக்கவேண்டியது கம்பெனிப் பெயரை, நினைவில் வைக்கவேண்டியது வேதிப்பொருளின் பெயரை.

அதனால் பெட்டியின் பின்பக்கம் இருக்கிற பெயரை எழுதி நாயின் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டிவிடுங்கள். ஒரு ட்யூபில் இரண்டு மூன்று சரக்கு இருப்பதும் சகஜம். ஃபிப்ரோனிலோடு முட்டை, புழுவைத் தடுக்க எஸ்-மெத்தோபிரீன் வரும், இமிடாக்ளோப்ரிடோடு பெர்மெத்ரினோ மாக்ஸிடெக்டினோ வரும். எல்லாவற்றையும் எழுதுங்கள். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாய்க்கு ஒத்துக்கொள்ளாதது கரைப்பானாகவும் இருக்கலாம், அப்படியானால் பூச்சிமருந்தை மாற்றினாலும் அதே வகைக் கரைப்பான் திரும்ப வரும். அதனால்தான் இரண்டு முறை பட்ட நாய்க்குச் சொட்டு மருந்தையே விட்டுவிட்டு வாய்வழி மாத்திரைக்குப் போகலாமா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள்.

அஃபாக்ஸோலேனர், சரோலேனர், லோட்டிலேனர், ஃப்ளூரலேனர் போன்றவை அந்த மாத்திரை வகை. தோலில் எதுவும் படாது, எப்போது வேண்டுமானாலும் குளிப்பாட்டலாம். ஆனால் இந்தக் குடும்பத்து மருந்துகள் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு தரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது. முன்பு ஒருமுறையாவது வலிப்பு வந்த நாய் என்றால் அதை டாக்டரிடம் சொல்லாமல் மாத்திரையைத் தொடங்காதீர்கள். உண்ணிக் காலர் மாற்று என்று நினைத்தால், அதுவும் நாள் முழுக்கத் தோலில் உரசிக்கொண்டிருப்பதுதான், கழுத்தைச் சுற்றி வளையமாகச் சிவந்த நாய்களும் உண்டு.

'ஒரே ஒரு துளி வைத்துச் சோதித்துப் பார்க்கலாமா' என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். ஒவ்வாமை மூன்று நாள் கழித்தும் வரும், அதற்குள் திறந்த ட்யூபை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முன்பு பட்ட நாய்க்குப் புது மருந்தை டாக்டரைக் கேட்டு, அடுத்த இரண்டு நாள் நீங்கள் வீட்டில் இருக்கிற ஒரு காலைப்பொழுதில் போடுங்கள். இரவு படுக்கப் போகும் முன் மட்டும் வேண்டாம்.

போடும்போது கவனிக்கவேண்டியவை

நாயை அன்றைக்கே எடை போடுங்கள். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்தால் போதும். பெரிய நாயின் ட்யூபை வாங்கிப் பாதி பாதியாகப் பிரிப்பது சிக்கனம்போலத் தெரியும். துளி எண்ணிக்கை தவறும், சின்ன நாய்க்கு அளவு எகிறும். வயது வரம்பும் பெட்டியிலேயே இருக்கும். ஃபிப்ரோனில் சொட்டு மருந்துகள் பொதுவாக 8 வாரம் முடிந்த குட்டிகளுக்குத்தான்.

குளிப்பாட்டி இரண்டு நாளாவது கழித்துப் போடுங்கள். சோப்பு தோலின் எண்ணெயை எடுத்துவிட்டிருக்கும், மருந்து பரவ அந்த எண்ணெய் வேண்டும், இல்லாவிட்டால் விழுந்த இடத்திலேயே தேங்கிச் சுடும். போட்ட பிறகும் இரண்டு நாள் குளியல் வேண்டாம், எதிர்வினை வந்தால் கழுவுவது வேறு கதை. தோலில் கீறல், புண், சொறி இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

முடியை இரண்டாகப் பிரித்துத் தோல் தெரிய வேண்டும், அந்த வெள்ளைக் கோட்டில்தான் ட்யூப் முனை தொட வேண்டும். முடிமேல் ஊற்றினால் மருந்து முடிக்குத்தான். இடம் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையில், கொஞ்சம் கழுத்துப் பக்கமாக, நாயின் வாய் எட்டாத இடம். பெரிய நாய் என்றால் முதுகுத்தண்டில் மூன்று நான்கு இடங்களில் பிரித்துப் போடச் சில மருந்துகளின் பெட்டியிலேயே சொல்லியிருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. தேய்த்துவிடவேண்டாம், அது தானே பரவும். இரண்டு நாய்கள் இருந்தால் காயும்வரை பிரித்து வையுங்கள், ஒன்றை ஒன்று நக்கும்.

பூனைக்கு வருவோம். பெர்மெத்ரினை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, அதனால் நாய்க்குச் சாதாரணமான அளவு பூனையைக் கொன்றுவிடும். நாயின் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் போட்ட நாயோடு ஒட்டிப் படுக்கும் பூனை இருந்தால் 72 மணி நேரமாவது தனித்தனியாக வையுங்கள், முடிந்தால் அந்த வீட்டுக்குப் பெர்மெத்ரின் இல்லாத மருந்தையே கேட்டு வாங்குங்கள்.

தோல் ஆறும்வரை உண்ணிக்கு என்ன வழி

மருந்தைக் கழுவியாயிற்று, புதியது போடத் தோல் இன்னும் ஆறவில்லை. இந்த இடைவெளியில் சீப்புதான் துணை. காலை, மாலை சீவி, சீப்பை ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்குங்கள், வெறும் தண்ணீரில் தெள்ளுப்பூச்சி மிதந்து குதித்துவிடும். வெளியே போய்வந்ததும் காதுக்குள், அக்குளில், விரலிடுக்கில், கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி தேடுங்கள். கிடைத்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், நசுக்கவேண்டாம், நெருப்பு காட்டவேண்டாம்.

படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை 60 டிகிரித் தண்ணீரில் துவையுங்கள். தரை இடுக்கு, சோஃபா மடிப்பு எல்லாம் வாக்குவம் போடுங்கள், தெள்ளுப்பூச்சியின் முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் அங்கேதான் இருக்கும், நாயின்மேல் இருப்பது அதில் சின்னப் பங்கு. கூட்டுப்புழு மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வு கேட்டதும் வெளியே வரும். அதனால் மூன்றாம் வாரம் திடீரென்று நான்கு பூச்சி தென்பட்டால் பதறி எதையாவது எடுத்து ஊற்றாமல், வாக்குவம் பையைக் கட்டி வெளியே போட்டுவிட்டுச் சீப்பைத் தொடருங்கள்.

கருப்பி இப்போது டாக்டர் சொன்ன மாத்திரையில் இருக்கிறாள். முதல் மாத்திரைக்குப் பிறகு இரண்டு நாள் அவள் பின்னாலேயே அலைந்தேன், ஒன்றும் ஆகவில்லை. பிடரியில் முடி திரும்ப வளர இரண்டரை மாதம் ஆனது. வளர்ந்தது கொஞ்சம் பழுப்பாக வளர்ந்திருக்கிறது, கறுப்பு நாய்க்குத் தோளில் ஒரு பழுப்புத் திட்டு. யாராவது கேட்டால் பிறவி மச்சம் என்று சொல்லிவிடுகிறேன்.